நாளைக்குச் சோதனை

“கதவுக்கு ஸ்பானிஷில என்ன?” மகளின் கொப்பியைப் பார்த்துக் கேட்டார் இந்திரகுமார்.

“புவெர்தா, அப்பா.”

“எந்த லத்தீன் சொல்லிலயிருந்து வந்தது?”

“போர்தா.”

“இங்கிலிசில அதுக்கு ஆர் சொந்தக்காரர்?”

“போர்ட்டல்...” சாருகா முழித்தாள். “மற்றது மறந்துபோச்சு.”

“போர்ட்டர், பிள்ளை! வாசல் காக்கிறவன்! நாளைக்குச் சோதனை. நான் ஒஸ்லோ முழுக்க என்ர மகள் கெட்டிக்காரி எண்டு சொல்லி வச்சிருக்கிறன்!”

எதிரேயிருந்த கதவு திறந்தது. பச்சை உடுப்போடு வந்த டாக்டர் சிரித்தார்.

“ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உங்கள் மனைவியைப் போய்ப் பார்க்கலாம்.”

அப்பாடா என்று இந்திரகுமார் எழும்பியதில் கொப்பி நழுவியது. உள்ளேயிருந்து திருத்திய விடைத்தாள் விழுந்தது. போன கிழமை நடந்த ஸ்பானிஷ் சோதனை, முழுப்புள்ளி.

“அப்ப நாளைக்கு?”

“ஒண்டுமில்லை அப்பா. சோதனை எண்டு சொன்னாத்தான் நீங்கள் அந்தக் கதவைப் பாக்காமல் இருப்பியள்.”