வேறு சீயோன்

தில்லியில் தூதரகம் திறக்க இஸ்ரேலுக்கு அரசு சம்மதித்த வாரம், தூத்துக்குடியில் தோழர் பாக்கியநாதன் கண்டனக் கூட்டத்தில் பேசிவிட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் ஆளுங்கட்சிக்காரர்களும் அவரோடு மேடையேறி சியோனிசத்தைக் கண்டித்தவர்கள்தான். இன்று மேடையில் இருந்தவர்களைவிடக் கீழே நின்றவர்கள் குறைவு.

மனைவி எமிமாள் சோற்றைப் போட்டபடியே சொன்னாள். "எங்க சபையில வாராவாரம் சீயோனுக்காக ஜெபிக்கோம். நீங்க தெருவுல நின்னு சியோனிசம் ஒழிகன்னு கத்துதீங்க."

"அது வேற சீயோன். இது அந்தப் பேரைச் சொல்லி, அங்க காலங்காலமா இருந்த ஆளுகளைத் துரத்திட்டு நாடு பிடிக்கிற அரசியல்."

"கல்யாணமான நாள்லேருந்து இதையேதான் சொல்லுதீங்க. யாருக்காவது விளங்கிச்சா?"

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் மோர் ஊற்றினாள்.

"அப்படித் துரத்தினாங்களே, அந்த வீட்டுப் பொம்பளைங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

"அகதி முகாம்லதான். அவங்க பேத்திகளும் அங்கயேதான் பொறந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமை எமிமாளை அழைத்துவரப் போனவர், ஜெபவீட்டு வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றார். உள்ளே பாஸ்டர், இஸ்ரவேல் தேசத்துக்காக ஜெபிக்கச் சொன்னார். எமிமாள் எழுந்தாள்.

"ஆண்டவரே, அங்க வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பொம்பளைங்களையும் நினைத்தருளும். அவங்களை அவங்க வாசல்லயே திரும்பக் கொண்டுபோய் விடும்."

சபையில் ஒருவரும் அதற்கு ஆமென் சொல்லவில்லை.  ஜெபத்தையெல்லாம் இளவயதிலேயே விட்டுவிட்ட பாக்கியநாதன், வாசலில் நின்றபடி "ஆமென்" என்றார்.