எலுமிச்சம்பழத்துக்கு நின்ற கார்

கையால் ஓட்டும் பழைய கார்கள் தாமாகவே பிரேக் போட வேண்டும், இல்லாவிட்டால் நொறுக்கப்படும் என்று சட்டம் வந்திருந்தது. அன்றுதான் கடைசி நாள். தாமோதரனின் கவலை காரைப் பற்றியதல்ல. தானாக ஓடும் கார்களில் ஏறினாலே மனைவி கோமதி வாந்தி எடுப்பாள். அவர் ஓட்டினால் மட்டும் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு சமாளித்துக்கொள்வாள். கொடைக்கானலில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது.

மெக்கானிக் செபாஸ்டின் இரண்டு வாரம் பாடுபட்டு, வளைவில் சாயாத சஸ்பென்ஷனும் எதிரே எது இருந்தாலும் நிற்கும் பிரேக்கும் மாட்டியிருந்தார். கோமதி சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் நகர மறுத்தது.

"என்னண்ணே, வண்டிக்குச் சாமி நம்பிக்கை இல்லையா?"

"அது யாரையும் நசுக்காது தங்கச்சி. பழம்னு அதுக்கு எப்படித் தெரியும்? எடுத்துடலாமா?"

"நசுக்காம மலை ஏறுறதா? நல்லா இருக்கே!"

கார் மூன்றாவது முறையும் குலுங்கி நின்றபோது சான்றிதழ் தர வேண்டிய வாகன ஆய்வாளர் பட்டறைக்குள் வந்தார். தாமோதரன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஆய்வாளர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"நாங்க சோதனைக்கு வைக்கிற பொம்மையே ஆள் உயரம் சார். இது எலுமிச்சம்பழத்துக்கே நிக்குதே!" என்று அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மலைப்பாதை வளைவில், நசுங்காத அந்தப் பழத்தை முகர்ந்தபடி கோமதி டேஷ்போர்டைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லா இருப்பே ராசா. நாளைக்கு என் பேரப்புள்ள முன்னால தவழ்ந்து வந்தாலும் இப்படியே நிக்கணும்."