பச்சைப் புள்ளி

அலுவலகத்தில் அவனுக்குக் 'கடமை' என்று பட்டப்பெயர். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நானூறு பேரில், ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டப் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூட அணையாத ஒரே ஆள் அவன்தான். மேலாளர் என்ன அனுப்பினாலும் மூன்றே நிமிடத்தில், "பார்த்துட்டேன் சார், செஞ்சிடறேன்" என்று பதில் வந்து விழும். போன வருடம் சிறந்த ஊழியர் விருதும் வாங்கினான்.

நியாயமாகப் பார்த்தால் அந்த விருது, அவனுக்குப் பதிலாக வேலை பார்க்க அவன் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருந்த நாற்பது வரி நிரலுக்கு, அந்த ஸ்கிரிப்டுக்குப் போயிருக்க வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும் மனைவி, போகிற போக்கில் கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவாள். அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் தானாக எழுந்து பச்சைப் புள்ளியை ஏற்றும், பதில்களைப் போடும். கடமை போர்வைக்குள் புரண்டு படுப்பான். நிஜ வேலை ஒரு மணி நேரம். அதை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முடித்துவிடுவான்.

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான் என்பார்கள். இவன் அகப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாக விழித்தது, கூடவே ஸ்கிரிப்டும் விழித்து வேலையில் இறங்கிவிட்டது. வார விடுமுறை என்று ஒன்று உண்டென அதற்குச் சொல்லிவைக்க மறந்திருந்தான்.

மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு. ஊழியர் கண்காணிப்பு அதிகாரி நேரில் பார்க்க வேண்டுமாம். மனைவிக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன கதி?

அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் நாற்காலிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் வேலை பார்த்திருக்கீங்க. நம்ம கம்பெனியில இதுவரைக்கும் யாரும் செய்யாத காரியம்."

"அது வந்து மேடம்..."

"அன்னிக்கு உங்க மேலாளர், தன்னோட மாமியார் காலமாயிட்டாங்கன்னு எல்லாருக்கும் தகவல் அனுப்பினார். நீங்க, 'பார்த்துட்டேன் சார், செஞ்சிடறேன்'னு பதில் போட்டிருக்கீங்க."

தேள் கொட்டிய திருடனைப் போல விழித்தான் கடமை.

"ஸ்கிரிப்டா?"

இனி மழுப்பிப் பயனில்லை. "ஆமா மேடம்."

"நீங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள போனாத்தான் ஓடுமா?"

"தேவையில்ல மேடம். சர்வீஸா பதிஞ்சு வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் எந்திரிக்கும்போதே அதுவும் எந்திரிச்சிடும்."

"நடுவுல நின்னுபோச்சுன்னா?"

"அஞ்சு செகண்டுல தானா மறுபடி ஓட ஆரம்பிச்சிடும்."

அதிகாரி ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். விசாரணை அறிக்கை பலமாகத்தான் இருக்கும் போலிருந்தது.

"வேற யாருக்காவது இது தெரியுமா?"

"சத்தியமா யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்கு ஏழு மாசம் மேடம். இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுடுங்க. இன்னிக்கே அழிச்சிடறேன்."

"அழிக்கிறதா? அதுல ஒரு எழுத்தக்கூடத் தொடக்கூடாது!" என்று அதட்டினார்.

ஆதாரத்தைக் காப்பாற்றுகிறார். கடமைக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று யோசிக்க ஆரம்பித்தான்.

அதிகாரி பேனாவை மூடினார். பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்துத் திறந்து, அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதில் தயாராக இருப்பது தன் ராஜினாமாக் கடிதம்தான் என்று நினைத்து, அவன் படிக்காமலே தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கிட்டயும் மூணு வருஷமா இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஆனா தினமும் தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு, பாஸ்வேர்டு போட்டு, நானே கையால ஓட விட வேண்டியிருக்கு. இத எப்படி சர்வீஸா போடறதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்!"