வரியின் வால்

அண்ணன் நினைவில்லாமல் கிடக்க, ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தேன். பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்ற ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல். மாறும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு செய்தி புது வரியில் விழுந்தால் திரை தலைதெறிக்க ஓடும், எனக்கு ஆகாது. அதனால் ஒரே வரியின் மேலேயே புதிய செய்தியை எழுதவைத்தேன். இதில் ஒரு தொல்லை உண்டு. புதிய செய்தி சின்னதாக இருந்தால் பழையதன் வால் அழியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஒரு கோப்பின் 'முடிந்தது' என்பதற்குப் பின்னால் 'தண்ணி' என்று ஒரு வால் நின்றது.

பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தார். "பழைய வரியை அழிக்காம விட்டுட்டீங்களா?"

அழிக்கும் கட்டளையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். வால் அசையவில்லை. நிரலைச் சல்லடை போட்டுத் தேடினேன். அந்தச் சொல்லை நான் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"அண்ணன் கண்ணைத் தொறந்துட்டான்டி!"

"தண்ணி கேட்டானா?"

"உனக்கு யாருடி சொன்னா? நர்ஸ் ஸ்பூன்ல குடுக்கச் சொன்னாங்க. குடுத்துட்டிருக்கேன்."

நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வால் மாறியது: 'போதும்மா'.

"அம்மா, அவனுக்குப் போதுமாம். ஸ்பூனை எடு."

"அவன் எங்கடி சொன்னான்?"

அம்மா கேட்டு முடிப்பதற்குள், அவள் பக்கத்திலிருந்து அண்ணன் குரல் கரகரத்தது.

"போதும்மா."

திரையில் வால் அழிந்திருந்தது.