தொடக்கூடாத ஃபைல்

“பதினெட்டு வருஷம் கழிச்சு வேலைக்கு வர்றீங்க. சி புரோகிராமுக்கு ஹெடர் ஃபைல் எழுதத் தெரியுமாக்கா?” இளம் டீம் லீடர் கேட்டான்.

“தெரியும்.” இந்த வேலையாவது கிடைக்க வேண்டுமே என்று அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். “எழுதினா இப்படி எழுதணும். மூணு கம்பெனி கைமாறி எங்ககிட்ட வந்த ஃபைல். எங்க நாற்பது புரோகிராமும் இதை இன்க்ளூட் பண்ணி, தலையில வெச்சுக்கிட்டுத்தான் ஓடுது. எழுதினவர் தெய்வம்! நாங்க ஒரு எழுத்தைக்கூடத் தொட்டதில்ல.”

அவள் எட்டிப் பார்த்தாள். “ ‘ரிசீவ்’ ஸ்பெல்லிங் தப்பா இருக்கே தம்பி.”

“ஐயோ, தப்புன்னு சொல்லாதீங்க! அதுல ஏதோ சூட்சுமம் இருக்கு. நாங்களும் எல்லா இடத்திலும் அப்படியேதான் எழுதுறோம்.”

“சூட்சுமம் ஒண்ணுமில்ல. அன்னைக்கு எனக்கு இடுப்பு வலி வந்துடுச்சு. திருத்தாமலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டேன்.”

அவன் மெல்லத் தன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“இங்கே வந்து உட்காருங்கக்கா.”