நான்கு மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி

இந்த ஊரில் கடல் முழுதாகத் தெரிகிற எல்லா இடங்களுக்கும் படி ஏற வேண்டும். கலங்கரை விளக்கத்துக்கு நூற்றுப் பத்துப் படி, கோட்டைச் சுவருக்கு எழுபத்திரண்டு. என் மனைவிக்கு முட்டிவலி. திங்கட்கிழமை நாங்கள் மகள் வீட்டுக்கே குடிபோகிறோம். அது கடல் இல்லாத ஊர். அதற்குள் ஒரு தடவை முழுக் கடலையும் பார்த்துவிட வேண்டும் என்றாள்.

"லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டு என்ன பிரயோஜனம்?" என்று இடித்தும் காட்டினாள்.

பல் மருத்துவமனைக் கட்டடத்துக்கு அழைத்துப் போனேன். அதன் லிஃப்டைப் பதினாறு வருடமாக நான்தான் பழுது பார்க்கிறேன். மொத்தம் நான்கு மாடி. நான்கை அழுத்தினேன். கதவு திறந்தபோது மேலே ஐந்து என்று எரிந்தது.

வெளியே ஒரு மொட்டைமாடி, நிழலில் இரண்டு நாற்காலிகள். எதிரே, எந்தக் கட்டடமும் மறைக்காமல், முழுக் கடல்.

"இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இதை?"

"இன்னைக்குத்தான் கிடைச்சுது" என்றேன். அது உண்மைதான்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கீழே எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தாள். அதன் மாடியில் ஒருத்தி காய்ந்த துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் கடகடவென்று ஏறி, கடலைப் பார்த்து நின்றாள்.

"பாருங்களேன், எவ்வளவு சுளுவா ஏறுறேன்!" என்றாள் என் மனைவி, நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு.