யாரும் கேட்டு வராத பென்டிரைவ்

கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றுவதற்கு மூளை வேண்டும் என்று பரவலாக நம்பப்படுகிறது. வருந்தத்தக்க பிழை. வேண்டியது காலியான ஒரு பென்டிரைவ்.

அதைத்தான் மெக்கானிக் வினோத்ராஜ் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தான்.

போடி கடைவீதியில் சுகிர்தத்தின் ஜெராக்ஸ் கடை. காலையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது; புதிதாக லினக்ஸ் ஏற்றினால்தான் எழும். வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்கு மாலை ஐந்து மணியோடு கெடு. பெஞ்சில் பதினோரு பேர். மற்ற கடைகளில் வரிசை தெருவுக்கே வந்திருந்தது.

“இதுல ஒண்ணை எடுத்துக்கலே.” சுகிர்தம் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போன பதினேழு பென்டிரைவ்கள்.

“லினக்ஸ் ஏத்துனா உள்ள இருக்கிறது பூரா அழிஞ்சிரும்க்கா.”

“அழியட்டும். ஒருத்தரும் கேட்டு வரல.”

பதினாறு, இடம் போதாமல் தோற்றன. பதினேழாவதைத் தன் லேப்டாப்பில் சொருகியவன், வேலையைத் தொடங்காமல் உள்ளே இருப்பதை வாசித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, அடுத்தவுக சமாச்சாரத்தைப் படிக்கவா வந்த?”

பென்டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

களவாணிப் பய, என்று நினைத்துக்கொண்டாள் சுகிர்தம்.

“காலி டிவிடி இருக்காக்கா?”

“விக்காம கெடக்கு. எம்புட்டு நேரமாகும்?”

“கூட ரெண்டு மணி நேரம்.”

“வெளங்கிரும்!”

டிவிடி சுழல ஆரம்பித்ததும் போனோடு வெளியே போனவன், யாரிடமோ நெடுநேரம் பேசினான். சுகிர்தம் கடிகாரத்தையும் அதன் பக்கத்தில் தொங்கிய இயேசு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றரைக்குத் திரை உயிர்பெற்றது. நாலே முக்காலுக்குப் பதினோராவது விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. சுகிர்தத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே கோபமும்.

“பைக்குள்ள போட்டியே, அத எடு.”

எடுத்து மேசைமேல் வைத்தான். “கூடலூர் அபிதாவோடதுக்கா. ஏலக்காய் நோயைப் பத்தி நாலு வருச ஆராய்ச்சி. என் லேப்டாப்புல காப்பி எடுத்து வைக்க எடமில்ல, அதான் அழிக்கல. பயோடேட்டாவுல நம்பர் இருந்துச்சு, கூப்பிட்டேன். வேற காப்பியே இல்லையாம். போன்லயே அழுதிருச்சு. நாளைக்கு வருது.”

“இம்புட்டு நாள் தேடாம என்ன செஞ்சுச்சாம்?”

“நாலு தடவை வந்து கேட்டுச்சாம்க்கா. டப்பாவத் திறக்காமலே ‘இங்கன இல்லத்தா’ன்னு சொல்லிட்டாகளாம்.”

சுகிர்தம் இரண்டு டீ சொன்னாள்.

பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்போது, மீதிப் பதினாறையும் ஒவ்வொன்றாகச் சொருகி, அடுத்தவர் சமாச்சாரத்தை வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள் சுகிர்தம். கையில் போன் இருந்தது.